குழந்தை நீராட்டும் ஓலைப் பெட்டியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் மருதனார்மடம். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் மடத்தின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது அவ்வூர். 1913ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்மக்களின் கல்விக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரியும், ஆஞ்சநேயர் கோயிலும், சந்தையும் அவ்வூர்ப் பெயரைப் பிறரறியச் செய்தன. சுற்றிலும் செம்பாட்டு மண். அதன் கீழே சுண்ணாம்புக் கற்பாறை. அப்பாறையின் இடுக்குகளிலே மழை தந்த நன்னீர். வற்றாத பேராறு ஒன்றுமில்லாத அந்நாட்டிலே உழவுக்கும் உணவுக்கும் நீராட்டுக்கும் கிணறே கதி. ஆகவே ஒரு வீட்டின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அதன் தலைவாசலைப் பார்ப்பதோடு நில்லாது, கிணற்றடியையும் பார்த்தல் வேண்டும்.

அக்கிணற்றடியிலே காணப்படும் மிகச் சிறிய பொருள் ஒன்றின் வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. குழந்தை நீராடும்போது கையில் வைத்து விளையாடும் பொருளும், நீராட்டு முடிந்தபின் அப்பொருள் சென்று சேரும் இடமுமே அது. அரசர் போர்களையும் கோயிற் றிருப்பணிகளையும் எழுதிய ஏடுகள் இதனைத் தனியே எழுதிவைக்கவில்லை. ஆயினும் இலக்கியத்திலும், அகழ்ந்தெடுத்த பொருள்களிலும், வீட்டு வழக்கத்திலும் சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தொகுத்து நோக்கின், தமிழர் வீட்டறிவின் ஒரு கூறு தெளிவாகப் புலப்படும். அவ்வறிவை மறந்தமையால் இன்றைய குழந்தைக்கு நேரும் தீங்கும் உடன் புலப்படும்.

நீரும் விளையாட்டும் தமிழ் மரபிலே பிரிக்க முடியாதவை. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன அமைய, பெண்பாற் பிள்ளைத்தமிழிலே அம்மானை, நீராடல், ஊசல் ஆகியன அமையும். நீராடலைப் பந்தும் ஊஞ்சலும் போன்றதொரு விளையாட்டாகவே புலவர் கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

அதற்கும் முந்திய சங்க காலத்திலே நீர் விளையாட்டுக்கெனத் தனிக் கருவிகளே இருந்தன. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுப்புனலாடச் சென்ற மதுரை மக்களைக் காட்டுகின்றன. அவர்கள் கையிலே சிவிறி இருந்தது, கொம்பு இருந்தது. சிவிறி என்பது நீரை உள்ளே இழுத்து வெளியே பீச்சும் துருத்தி. வேழக்கோலாற் கட்டிய புணையைப் பற்றிக்கொண்டு மகளிர் நீரில் மிதந்தமையையும் சங்கப் பாடல்கள் கூறும். கடற்கரைச் சிறுமியர் ஈரமணலைக் குழைத்து வண்டற் பாவை செய்தனர். கழனி சார்ந்த ஊர்களிலே பைஞ்சாய்க் கோரையை முடைந்து பாவை செய்தனர்.

இவற்றிலே ஓர் ஒற்றுமை உண்டு. வண்டற் பாவையை அலை வந்து அழித்துவிடும். மறுநாள் புதிய பாவை பிறக்கும். கோரைப் பாவை சில நாளில் உலர்ந்து உதிரும். புணை கரையிலே கிடந்து வெயிலிற் காயும். இப்பொருள்கள் மண்ணிலிருந்தும் புல்லிலிருந்தும் வந்து, அவற்றிடமே திரும்பிப் போயின. பழையது அழுகுமுன் புதியது வந்துவிட்டமையால், அவற்றைப் பேணி வைக்கும் கவலை எவருக்கும் இருக்கவில்லை.

பேணி வைக்க வேண்டிய விளையாட்டுப் பொருள்கள் வேறு. சுட்ட மண்ணும் மரமும் கொண்டு செய்தவை அவை. சிந்துவெளியின் மொகஞ்சதாரோ நகரை 1920களிலே அகழ்ந்தோர், செங்கல் பாவிய குளிக்குமிடங்களையும் கழிநீர் வாய்க்கால்களையும் வீடுதோறும் கண்டனர். அந்நகரிலே சுடுமண் வண்டிகளையும், பறவை வடிவான ஊதல்களையும் கண்டெடுத்தனர். வைகைக் கரையிலுள்ள கீழடியிலே உறைகிணறுகளோடு சுடுமண் வட்டச் சில்லுகளும் விளையாட்டுக் காய்களும் கிடைத்துள்ளன. பறவை ஊதல் உட்குடைவானது. அதற்குத் துளையும் உண்டு. ஆயினும் சுட்ட மண்ணுக்கு நுண்துளைகள் உள. மண்பானையின் புறத்தே நீர் கசிந்து ஆவியாதல் போல, மண்பொம்மையின் உள்ளிருக்கும் ஈரமும் அதன் உடல் வழியே வெளியேறிவிடும். இந்த உண்மை பின்னே வரும் செய்திக்குத் துணையாகும்.

மர விளையாட்டுப் பொருளின் பெருமையைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் காட்டுகின்றது. தும்பிசேர் கீரனார் பாடியது அது. தச்சன் செய்த சிறுதேரிலே ஏறிச் செல்ல இயலாவிடினும், கையால் இழுத்து நடந்தே சிறுவர் இன்பமடைவர் என்பது அதன் கருத்து. பட்டினப்பாலையிலும் மூன்று கால் கொண்ட சிறுதேர் வருகின்றது. இம்மரபின் வழிவந்தவையே மரப்பாச்சியும், அரக்கு வண்ணம் பூசிய மரச் சொப்புகளும். பாண்டிநாட்டு அம்பாசமுத்திரம் அத்தகைய சொப்புச் சாமான்களுக்குப் பெயர்போன ஊர். அடுப்பும் அம்மியும் குடமும் குத்துவிளக்குமாக அமைந்த அச்சிறு சாமான்களைப் பனையோலைப் பெட்டியில் இட்டு விற்பது வழக்கம். விளையாட்டும் அதன் இருப்பிடமும் சேர்ந்தே குழந்தையின் கைக்கு வந்தன. விளையாடி முடிந்ததும் எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு அப்பெட்டியே விடையாயிற்று.

அந்த ஓலைப் பெட்டி யாழ்ப்பாணத்திலே இன்னும் விரிந்த வாழ்வு பெற்றது. பனை அந்நாட்டின் தாய்மரம். குருத்தோலையை வார்ந்து முடைந்த பெட்டி, மூடற் பெட்டி, குட்டான், கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, உமல், தடுக்கு, பாய் என அதன் பிள்ளைகள் பல. நார்கொண்டு பொத்திய கடகம் மண்ணும் எருவும் சுமக்கும். ஈர்க்கினாற் பின்னிய பெட்டியிலும் தட்டிலும் இடைவெளிகள் இருத்தலால் அவற்றில் இட்ட பொருளின் நீர் கீழே வடிந்துவிடும். காற்று நாற்புறமும் நுழையும். நெற்பொரியும் கிழங்கும் மிளகாயும் வைக்கப்பட்ட இப்பெட்டிகள், பழையன ஆனபின் சிறுவர் உடைமையாவது எளிது. முற்றத்து விளையாட்டின் சிரட்டையும் சில்லும் கொட்டையும் இத்தகைய பெட்டியிலே ஒதுங்கின.

கிணற்றடிக்கு வருவோம். கைக்குழந்தையை நீட்டிய கால்களின்மேற் கிடத்தி, வெயிலிலே வைத்து இளஞ்சூடேறிய நீரை வார்ப்பது பாட்டியின் பணி. நடக்கத் தொடங்கிய பிள்ளையை அன்னை கிணற்றடியிலே நிறுத்தித் தோய வார்ப்பாள். துலாவில் இறைத்த நீர் தொட்டியிலே நிறையும். குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்குப் போகும். அந்த ஓடும் நீரே குழந்தையின் கடல். வாழைமடல் தோணியாகும். துளையிட்ட சிரட்டை மழை பொழியும். ஓலையை மடித்துக் கட்டிய சிறுபட்டை நீரை மொண்டு ஊற்றும். காட்டாமணக்குத் தண்டிலே கசியும் பாலை ஈர்க்கு வளையத்தில் எடுத்து ஊதினால் வண்ணக் குமிழிகள் பறக்கும். நீந்தப் பழகும் சிறுவருக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை மிதவையாகும்.

சுரைக்குடுக்கையைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். அது உட்குடைவான பொருள். ஆயினும் மிதவையாகக் கட்டும் குடுக்கைக்குத் துளையில்லை. காம்போடு முற்றிக் காய்ந்து, தன் வாயைத் தானே மூடிக்கொண்டு நிற்பது அது. நீர் உட்புக வழியில்லாமையால் உள்ளே கெடுவதற்கும் வழியில்லை. நீர் வைக்கும் குடுவையாகப் பயன்படும் சுரைக்கோ வாயை நன்றாகத் திறந்து, உள்ளிருக்கும் சோற்றைக் களைந்து, காயவைப்பர். மூடினால் முற்றும் மூடுக; திறந்தால் காற்றுப் போகத் திறக்க என்னும் இரண்டே விதிகள் அதிலே அடங்கியுள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு துளையைப் பழைய வீட்டறிவு நம்பவில்லை.

உலர்த்தும் கலையிலே யாழ்ப்பாண மக்கள் வல்லவர். பனங்கிழங்கைத் தோலுரித்து நெடுக்கே பிளந்து வெயிலிலே காயவைத்தால் ஒடியல். அவித்த கிழங்கைக் காயவைத்தால் புழுக்கொடியல். பனங்களியைப் பாயிலே பரப்பிப் படைபடையாக உலர்த்தினால் பினாட்டு. மோர்மிளகாயும் வடகமும் இவ்வாறே. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு வரும் மழை நீங்கியபின், தைமாத வெயிலும் அதன்பின் சோளகக் காற்றும் இவ்வேலைக்குத் துணைநின்றன. பிளக்காத கிழங்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்கும் என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுவிய செம்பையும் பேணியையும் கவிழ்த்து வைத்ததும், இறைத்த பட்டையைக் கீழே போடாது தூக்கி வைத்ததும் அதே அறிவின் வெளிப்பாடே. நீர் புகுந்த பொருளுக்கு நீர் போகும் வழியும் காற்று வரும் வழியும் வேண்டும். ஒரு வரியிற் சொல்லத்தக்க இவ்வுண்மை ஆயிரம் வீட்டு வேலைகளிலே வாழ்ந்தது.

கிணற்றடிப் பொருள்களை ஒதுக்கி வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது உயிர் பற்றியது. கட்டுத் தாழ்ந்த கிணறும், நீர் நிறைந்த தொட்டியும், ஏன், ஒரு வாளித் தண்ணீருமே தளர்நடைப் பிள்ளைக்கு ஆபத்தானவை. நீரிலே மிதக்கும் சிறு பொருளொன்று பிள்ளையைத் தன்பால் அழைக்கும். எட்டி எடுக்கக் குனிந்த பிள்ளை தலைகீழாக விழும். அதன் தலை உடலை நோக்கக் கனமானது, தானே எழ இயலாது, கூவவும் இயலாது. உலகெங்கும் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குதல் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கின்றது. 2021ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆந் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. குளித்து முடிந்தவுடன் தொட்டியைக் கவிழ்த்து, விளையாட்டுப் பொருளைக் கிணற்றடியினின்றும் அகற்றித் தாழ்வாரத்திலே வைப்பது வீட்டை ஒழுங்காக வைத்தல் என்னும் அளவில் நின்றுவிடாது. அது பிள்ளையைக் காக்கும் செயலாகும்.

இனி, இப்பழைய ஒழுங்கு எவ்வாறு மாறிற்று என்பதைக் காண்போம். மாற்றம் முதலில் தொழிற்சாலையிலே தோன்றியது. 1839ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். 1844இல் அதற்கு உரிமம் பெற்றார். வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் இறப்பர் அதனாற் கிடைத்தது. 1876ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு இறப்பர் விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைத்த நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே அவை நடப்பட்டன. உலகக் குழந்தைகளின் கைக்குப் பந்தும் பொம்மையும் கொடுத்த பொருளின் ஆசிய வரலாற்றிலே இலங்கைக்கும் இவ்வாறு பங்குண்டு.

இறப்பரைத் தொடர்ந்து செலுலாயிட்டு வந்தது. 1870ஐ அடுத்த ஆண்டுகளிலே ஹயற் என்பார் அதனைத் தொழிலாக வளர்த்தார். செலுலாயிட்டுப் பொம்மைகள் கனமற்றவை, நீரில் மிதப்பவை, ஆயின் எளிதில் தீப்பற்றுபவை. 1926இலே வால்டோ சீமன் பொலிவினைல் குளோரைட்டை மென்மையாக்கும் வழியைக் கண்டார். அதன்பின் நெகிழும் பிளாஸ்டிக்குப் பொம்மைகளின் காலம் பிறந்தது. குளிக்கும் தொட்டியிலே மிதக்கும் வாத்து இக்காலத்தின் அடையாளம். பீற்றர் கனைன் என்னும் சிற்பி மிதக்கும் வாத்து வடிவமொன்றுக்கு 1949ஆம் ஆண்டு அமெரிக்காவிலே உரிமம் பெற்றார். 1970இலே குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பாடப்பெற்ற பாட்டு மஞ்சள் வாத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது.

அழுத்தினால் ஒலி எழுப்புவதற்காகவும் நீரைப் பீச்சுவதற்காகவும் அத்தகைய பொம்மைகளின் அடியிலே சிறு துளையொன்று வைக்கப்பட்டது. சங்க காலச் சிவிறி மீண்டும் வந்தது எனலாம். ஆயின் சிவிறியைப் பிடித்தவர் ஆற்றிலே ஆடினார். ஆட்டம் முடிந்தபின் அதனை வெயிலும் காற்றும் பார்த்தன. பிளாஸ்டிக்கு வாத்தோ மூடிய அறையின் மூலையிலே, ஈரத் தரையிலே, வயிற்றில் நீரோடு கிடக்கின்றது.

யாழ்ப்பாணத்திலும் நீராட்டிடம் மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவத் துலா குறைந்தது. இடையிலே போர் வந்தது. 1990ஆம் ஆண்டு முதல் பொருளாதாரத் தடையும் எரிபொருட் பஞ்சமும் வாட்டியபோது, கைவாளியும் கப்பியும் மீண்டும் உழைத்தன. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். மருதனார்மடத்துத் தெருவும் அந்நாளிலே வெறிச்சோடிற்று. கைக்கு எட்டியதைப் பெட்டியிலும் பையிலும் எடுத்துச் சென்றவர்க்கு, பிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் உணரலாம். 1996இலிருந்து மக்கள் படிப்படியாகத் திரும்பினர். அதன்பின் எழுந்த வீடுகளிலே நீர்த்தாங்கியும் குழாயும் உள்வீட்டுக் குளியலறையும் பெருகின. வெளியே வெயிலில் நடந்த நீராட்டு உள்ளே நிழலுக்குப் போயிற்று. அதனோடு விளையாட்டுப் பொருளும் உள்ளே போயிற்று. அதனை உலர்த்திய காற்று மட்டும் வெளியிலே நின்றுவிட்டது.

துளையின் வேற்றுமையைக் கடலே ஒருமுறை உலகுக்குக் காட்டியது. 1992ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, ஹொங்கொங்கிலிருந்து அமெரிக்காவின் ரக்கோமாத் துறைமுகம் நோக்கிச் சென்ற எவர் லோரல் என்னும் கப்பலிலிருந்து, பசிபிக் பெருங்கடற் புயலிலே சரக்குப் பெட்டிகள் சில வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றிலே குளியல் விளையாட்டுப் பொருள்கள் 28,800 இருந்தன. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை என நால்வகை. அவ்வாண்டு நவம்பரிலே அலாஸ்காவின் சிற்கா அருகே அவை கரையொதுங்கத் தொடங்கின. கேர்ட்டிஸ் எபஸ்மையர், ஜேம்ஸ் இங்கிரகம் என்னும் கடலாய்வாளர் அவை ஒதுங்கிய இடங்களைக் கொண்டு பெருங்கடல் நீரோட்டங்களை அளந்தனர். ஆண்டுக்கணக்காக அவை அமிழாமல் மிதந்தமைக்குக் காரணம் எளிது: அப்பொம்மைகளுக்குத் துளையில்லை. சுரைக்குடுக்கையின் விதியே பெருங்கடலிலும் வென்றது.

துளையுள்ளவற்றின் நிலையைச் சுவிற்சர்லாந்தின் நீராய்வாளரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து ஆராய்ந்து 2018ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். வீடுகளிலே குழந்தைகள் பயன்படுத்திய 19 குளியற் பொம்மைகளை அவர்கள் வெட்டிப் பார்த்தனர். உட்சுவரெங்கும் வழுவழுப்பான படலம் படிந்திருந்தது. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலே 50 இலட்சம் முதல் 7 கோடியே 50 இலட்சம் வரையான நுண்ணுயிர்கள் காணப்பட்டன. நூற்றுக்கு 58 பொம்மைகளிலே பூஞ்சணமும் இருந்தது. நூற்றுக்கு 80 அளவினவற்றிலே நோய் விளைக்கத்தக்க வகையைச் சார்ந்த பற்றீரியாக்கள் இருந்தன.

அந்நுண்ணுயிர்களுக்கு உணவளித்தது எது? பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியே நீரிற் கரைந்து கரிமப் பொருளாக வெளிவந்து அவற்றுக்கு இரையாயிற்று. சவர்க்காரமும், வியர்வையும், உடலழுக்கும் ஏனைய சத்துகளைக் கொடுத்தன. வெதுவெதுப்பும் இருளும் ஈரமும் துணைநின்றன. சுடுமண் பறவையின் உடல் தன் ஈரத்தைத் தானே வெளியே விட்டது. பிளாஸ்டிக்கு வாத்தின் உடல் ஈரத்தைச் சிறைசெய்து, தன்னையே அதற்கு உணவாகவும் இட்டது. புறத்தே பளபளக்கும் மஞ்சள் நிறம் உள்ளே கறுத்திருந்தது.

நுண்ணுயிர் என்றதும் அஞ்சிவிடுதல் வேண்டா. மண்ணிலும் காற்றிலும் நம் தோலிலும் அவை எங்கும் உள. நலமுள்ள குழந்தைக்கு அவற்றிற் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. ஆயின் குழந்தைகள் இப்பொம்மையை வாயில் வைப்பர். முகத்தின்மேல் நீரைப் பீச்சி மகிழ்வர். அந்நீர் கண்ணிலும் காதிலும் புகலாம், விழுங்கப்படவும் கூடும். கண், காது, குடல் ஆகியவற்றிலே தொற்று ஏற்பட இடமுண்டு என்பதே ஆய்வாளர் கூறிய எச்சரிக்கை. நோயினால் மெலிந்த குழந்தைக்கு இது மேலும் கவனிக்கத்தக்கது. வலிகாமத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே வருதலால் வன்மையுடையது. அது உலருமிடத்திலே வெண்படிவம் விடும். கரடுமுரடான அப்படிவத்திலே அழுக்கு எளிதிற் பற்றும். எனவே இங்கே உலர்த்துவதோடு துடைத்தலும் வேண்டும்.

இதற்கு மருந்து விலையுயர்ந்த பெட்டியிலில்லை. பழைய வீட்டு வழக்கம் கற்றுத் தந்த ஒழுங்கைக் குளியலறைக்குள்ளும் கொண்டுவருதலே போதும். நீராட்டு முடிந்தவுடன் பொம்மையை நன்றாக அழுத்தி உள்நீரைப் பிழிந்துவிடுதல் வேண்டும். துளை கீழ்நோக்கி இருக்குமாறு ஈர்க்குப் பெட்டியிலோ வலைப்பையிலோ இட்டுக் காற்றோடும் இடத்திலே தொங்கவிடுதல் வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக்குப் பெட்டி காண்பதற்கு ஒழுங்காகத் தோன்றினும், உள்ளே ஈரம் நின்றால் அது அழுக்கை மறைக்கும் திரையேயாகும். ஓலைப் பெட்டியும் நனைந்தபடி கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்; ஆதலால் அதனையும் பொம்மைகளோடு சேர்த்து வெளியே கொணர்ந்து காயவைத்தல் நன்று. நெடுநேரக் கடுவெயில் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யுமாகையால், காற்றோட்டமுள்ள நிழலோடு இளவெயிலும் போதியதாகும். வாடை மழைக் காலத்திலே ஈரம் உலரத் தாழ்க்கும். அந்நாள்களில் விளையாட்டுப் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குவோர் துளையில்லாததையோ, இரு பாதியாகத் திறந்து கழுவத்தக்கதையோ தேர்ந்துகொள்வது சிறப்பு. பழைய பொம்மையை அழுத்தும்போது கரிய துகள் வெளிவந்தால், கழுவிப் பயனில்லை. அதனை விலக்கிவிடுவதே தக்கது. ஐயமிருப்பின் ஒன்றை வெட்டிப் பார்க்கலாம். பனங்கிழங்கைப் பிளந்து பார்க்கும் கைக்கு அது அரிய செயலன்று. எவ்வகைப் பொம்மையாயினும் வாளியிலோ தொட்டியிலோ மிதக்க விட்டுச் செல்லுதல் கூடாது.

இவ்வொழுங்கைச் செய்ய வேண்டியவர் அன்னை மட்டுமோ? இவ்விடத்திலே மரியா மொண்டிசோரி அம்மையாரின் கருத்து நினைவுகூரத்தக்கது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி உரோமாபுரியின் சான் லொரன்சோப் பகுதியிலே அவர் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இலே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார். 1944இலே இலங்கைக்கும் வந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகளிலே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வகுத்து, எடுத்த குழந்தையே அதனைத் திரும்ப அங்கே வைக்கச் செய்வது அவர்தம் முறை. ஒழுங்கு என்பது பெரியோர் குழந்தையின்மீது சுமத்தும் பாரமென்று அவர் கருதவில்லை. சிறு வயதிலே குழந்தையின் உள்ளம் ஒழுங்கைத் தானே நாடுகின்றது என்பதே அவர் கண்ட முடிவு.

பொம்மை மூடிய அலுமாரியிலே இருந்தால் குழந்தை அதனைக் கேட்டு அழும். தரையிலே சிதறிக் கிடந்தால் அதனை மதியாது மிதிக்கும். தன் கைக்கு எட்டும் உயரத்திலே, நீர்த்தொட்டிக்கு எட்டத்திலே, ஒரு சிறிய பெட்டி தொங்குமாயின் மூன்று வயதுக் குழந்தையும் தன் வாத்தைப் பிழிந்து அதனுள் இடப் பழகிவிடும். அம்பாசமுத்திரத்துச் சொப்புப் பெட்டி அதனைத்தானே செய்தது? பெட்டி காலியாயின் ஏதோ குறைகின்றது என்று குழந்தையே அறியும். எண்ணவும், வகைப்படுத்தவும், பொறுப்பேற்கவும் அப்பெட்டி அதற்கு முதற் பள்ளியாகும்.

1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனையோலைப் பின்னலைப் பெண்கள் கைத்தொழிலாக இன்றும் செய்கின்றனர். வலிகாமத்துச் சந்தைகளிலே கடகமும் சுளகும் பெட்டியும் இன்றும் விற்கப்படுகின்றன. மருதனார்மடத்துச் சந்தியினின்றும் வீடு திரும்பும் ஒருவர் குழந்தைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்குவாராயின், அதனோடு இடைவெளியுள்ள ஈர்க்குப் பெட்டியொன்றையும் தேடி வாங்குவது சிறந்த முறையாகும். விளையாட்டுப் பொருளின் பயன் சில மாதம். அதனை உலர்த்தி வைக்கக் கற்ற பழக்கத்தின் பயன் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

வையையிலே சிவிறி கொண்டு ஆடியோரும், வண்டற் பாவையை அலைக்கு விட்டுச் சென்ற சிறுமியரும், துலாக் கிணற்றடியிலே வாழைமடல் தோணி விட்ட பிள்ளைகளும் நீரை விளையாட்டாகக் கண்டனர். அவர்களின் விளையாட்டைச் சூரியனும் காற்றும் காத்தன. இன்றைய குழந்தை மூடிய அறையிலே ஆடுகின்றது. அதற்கும் நீர் அதே நீர்தான், மகிழ்ச்சியும் அதே மகிழ்ச்சிதான். அன்று சூரியனும் காற்றும் கேளாமலே செய்த காவலை இன்று ஒரு கை செய்தல் வேண்டும். பிழிந்து, கவிழ்த்து, காற்றிலே தூக்கிவிடும் அந்தக் கைக்கு அரை நிமிடம் போதும்.